நெற்றியில் வைத்த கரி

கரண்ட் நாள்தோறும் போய்க்கொண்டிருந்த காலத்தில், வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியின் கீழ்வீட்டுக்காரர் ஒரு டீசல் ஜெனரேட்டர் வாங்கினார். வாங்கியதை எங்கள் சாமியறை யன்னலுக்கு நேர் கீழே வைத்தார். என் மனைவிக்கு இழுப்பு வருத்தம். யன்னலைப் பூட்டினால் வெக்கை, திறந்தால் புகை. அவள் இன்ஹேலரைக் கையில் பிடித்தபடி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். நான் முருகன் படத்துக் கண்ணாடியில் படிந்த கரியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

போய்ச் சொன்னேன்.

"புகை காத்தோட போற சாமான் அண்ணை. காத்துக்கு நான் என்ன செய்ய? யன்னலைச் சாத்துங்கோவன்," என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குள் கிடந்தது. அன்றிலிருந்து கரியை எறியவில்லை. விளக்கெண்ணெய்ப் பிசுக்கோடு வழித்து ஒரு ஜாம் போத்தலில் சேர்த்தேன்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள் மனைவி.

"அவற்ற சாமான். அவரிட்டக் குடுக்கத்தானே வேணும்."

ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்று பேச, ஒரு ஞாயிறு காலை தொடர்மாடிச் சங்கம் கார் நிறுத்துமிடத்தில் கூடியது. கோயிலுக்குப் போய்வந்த வேட்டியோடேயே போனேன். எல்லாருக்கும் காட்டவென்று கொஞ்சக் கரியை வாழையிலைத் துண்டில் எடுத்துப் போனேன். கோயிலில் ஓமம் முடிந்ததும் ஐயர் ஓமக்கரியை நெய்யில் குழைத்து அப்படித்தான் இலையில் வைத்துத் தருவார். ரட்சை என்று நெற்றியில் பொட்டாக வைப்போம்.

கீழ்வீட்டுக்காரர் இலையைக் கண்டார். "ஓமமோ அண்ணை இண்டைக்கு?" என்று கேட்டு, என் பதிலுக்கு நிற்காமல் விரலால் தொட்டு, கண்ணை மூடி நெற்றியில் வைத்துக்கொண்டார். வைக்கட்டும் என்று நின்றேன்.

கூட்டம் தொடங்குமுன் பேச்சு பேப்பர்ச் செய்தி ஒன்றுக்குப் போனது. நம் நாட்டிலும் அணுமின் நிலையம் கட்ட யோசிக்கிறார்களாம்.

"கரண்ட் தரும், சரி. அந்தக் கழிவை ஆயிரமாயிரம் வருசத்துக்கு ஆர் காவல் காக்கிறது?" என்றார் கீழ்வீட்டுக்காரர். "பேரப்பிள்ளையளின்ர தலையில கொட்டவோ?"

நான் ஓ.எல். வரைதான் படித்தவன். ஆனால் அந்தச் செய்தியை நானும் வாசித்திருந்தேன்.

"அது பொல்லாத சாமான்தான், தம்பி," என்றேன். "அதுக்குப் பயந்துதானே பூட்டி வைக்கினம். அது புகையாப் போறேல்ல, கட்டியா இருக்கிறது. தண்ணிக்குள்ள ஆறவிட்டு, இரும்பாலயும் கொங்கிரீட்டாலயும் மூடி, காவல் போட்டு வச்சிருக்கினம். பாறைக்குக் கீழ ஆழத்தில வைக்கவும் இடம் தோண்டுகினம். எங்க இருக்கெண்டு கேட்டாக் காட்டுவினம். உங்கட கழிவு எங்க?"

"என்னட்ட என்ன கழிவு?"

"நெத்தியில இருக்கு."

அவர் கைலேஞ்சியை எடுத்துத் துடைத்தார். எண்ணெய்க்கரி புருவம் வரை இழுபட்டது. யாரோ சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"சாமி விசயத்தில விளையாடுறீங்களோ?"

"ரட்சையெண்டு நான் சொன்னனானோ? உங்கட ஜெனரேட்டர்ப் புகை. நெத்தியில கொஞ்ச நேரம் இருக்க உங்களுக்குப் பொறுக்கேல்ல. என்ர மனுசிக்கு அது நெஞ்சுக்குள்ள இருக்கு."

பிறகு கூட்டம் தொடங்கியது. ஜெனரேட்டர் அவருடைய விறாந்தைப் பக்கத்துக்கே போகவேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. அடுத்தமுறை கரண்ட் போனபோது அது கொஞ்ச நேரம் உறுமியது. கீழே யாரோ இருமும் சத்தம் கேட்டது. உடனே நிறுத்திவிட்டார்கள். என் மனைவி யன்னலைத் திறந்தாள். கடற்காற்று வந்தது. நான் விளக்கேற்றிக் கும்பிட்டேன், அந்தப் பொய்ப் பொட்டுக்கு மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

மிச்சக் கரி இன்னும் அந்தப் போத்தலில்தான். மூடியை இறுக்கி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன்.