இலையில்லாத குடுவை

இடது கை காம்பைப் பிடித்துக்கொள்ள, வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இலைகளை ஒரே இழுப்பில் உருவின. உருவியதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தன. பூச்சி அரித்தது தரையில் கிடந்த கூடைக்குப் போயிற்று, பழுத்தது அதன் மேல். நல்லது மட்டும் கம்பிவலைத் தட்டில் பரவியது. மூட்டையில் வரும் செடியில் பாதி இப்படியே கழிந்துவிடும். அந்தக் கைகளுக்கு அதில் வருத்தமே கிடையாது.

ஆய்வகத்தில் அவளைச் சல்லடை என்பார்கள். நேரில் கூப்பிடும்போது மட்டும் ‘அக்கா’ சேர்த்துக்கொள்வார்கள். இலையைச் சலிப்பாள், பொடியைச் சலிப்பாள், தாமதமாக வருகிறவர் சொல்லும் காரணத்தையும் சலிப்பாள். குடுவை கழுவும் வேலைக்கு வந்தவள், மாலை வகுப்பில் வேதியியல் படித்து, மூலிகைகளிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுக்கும் பிரிவில் தனக்கென ஒரு மேசை வாங்கினாள். தன் குடுவையை மட்டும் இன்றும் யாரையும் கழுவ விடுவதில்லை.

அவள் கையிலிருந்தது வாய்க்கால் ஓரத்தில் தானாகப் படரும் பூண்டு. அதைக் காட்டிக் கொடுத்தவர் மாமியார். சர்க்கரை நோயால் ஆறாமல் கிடந்த கால் புண்ணில் அவர் அதைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

“இது எப்படிக் கேக்குதுன்னு பாரேன். எப்படியும் எதையாவது கொதிக்க வெச்சுட்டுத்தானே இருக்கே” என்றார்.

மருமகள் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டாள். இலைப் பொடியைக் கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, அடியில் தங்கும் பிசினைப் பிரித்துப் பிரித்துப் பல வருடம் போன பிறகு ஒரு வெளிர்மஞ்சள் எண்ணெய் கிடைத்தது. கிருமி வளர்த்த தட்டில் ஒரு சொட்டு விட்டால், சுற்றிலும் கிருமி அண்டாத வட்டம் விழுந்தது. பிரிவின் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அவர் ஒரு மருத்துவமனையின் காயப் பிரிவோடு பேசி, அடுத்த சோதனைக்கு எண்ணெயை அனுப்ப நாள் குறித்தார். மாமியார் அந்த நாள்வரை காத்திருக்கவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

“என் மருமக மருந்து கண்டுபிடிச்சிருக்கா. என் கால் புண்ணுதான் அதுக்கு அஸ்திவாரம்.”

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து மேசைக்காரர் தன் பொருளையும் பிரித்துப் பார்த்துத் தரச் சொல்லி உதவி கேட்டார். அவர் ஆராய்வது ஏதோ ஒரு மரத்தின் வேர். அதனால் அவர் வேர்க்காரர். அவருடைய வேர்ப்பொடியையும் தன் கரைப்பானிலேயே ஊறவைத்து, குறுக்கி, வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் ஒரு சொட்டு வைத்தாள். பக்கத்தில் தன் எண்ணெயில் ஒரு சொட்டு. கரைப்பான் தகட்டில் ஏற ஏற, ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரத்தில் புள்ளியாக நின்றுவிடும். விளக்கடியில் பிடித்தால் இரண்டு வரிசையிலும் ஒரே உயரத்தில் ஒரே புள்ளி.

“அக்கா, உங்க ஆளு என் வேருக்குள்ளயும் இருக்காரு!” வேர்க்காரர் துள்ளினார். “ரெண்டு செடியும் சொந்தம்போல.”

“உங்களுது மரம், என்னுது தரையில படர்ற பூண்டு. ஒட்டும் இல்ல, உறவும் இல்ல.” அவள் தகட்டைக் கீழே வைக்கவில்லை. “ரெண்டு வீட்டு விருந்துலயும் ஒரே ஆளு உக்காந்திருந்தா, சொந்தக்காரராத்தான் இருக்கணுமா? சாப்பாட்டுக்கு நுழைஞ்சவரா இருக்கலாம்.”

அன்று மாலை மாமியாரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது கை வேலை செய்தது, மனம் அங்கே இல்லை.

“ஏன்டி, முகம் ஏன் இப்படித் தொங்குது?”

“நாளைக்கு இலையே போடாம எல்லாத்தையும் திரும்பச் செய்யப் போறேன் அத்தை. அதே கரைப்பான், அதே குடுவை, அதே சூடு.”

“வெறும் சட்டியைக் காய வெச்சு, உப்பு இருக்கான்னு நக்கிப் பாக்கப் போறேன்னு சொல்லு.”

“அதேதான்.”

“இருந்துச்சுன்னா?”

“அப்போ உப்பு சட்டியோடது. குழம்புல ஒண்ணுமில்ல.”

மாமியாரின் சிரிப்பு நின்றது. “இத்தனை வருஷமும் போச்சா?”

“போச்சு.”

கரைப்பானை அவள் முன்பும் சோதித்திருக்கிறாள். ஒரு சொட்டு வைத்துப் பார்த்ததில் எதுவும் தெரிந்ததில்லை. இப்போது இலைக்கு எவ்வளவு ஊற்றுவாளோ அவ்வளவையும் வெறுமனே ஊற்றிக் கடைசிவரை குறுக்கினாள். குடுவையின் அடியில் வெளிர்மஞ்சளாக எண்ணெய் தங்கியது. தகட்டில் அதே உயரம். கிருமித் தட்டில் அதே வட்டம்.

பெரிய கேனிலிருந்து கரைப்பானை இறைக்க ஆய்வகத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய், கரைப்பான் போகும்போதெல்லாம் துளித்துளியாக அதில் இறங்கியிருந்தது. அவள் மருந்தென்று நினைத்தது அந்த எண்ணெய்தான். புதுக் கரைப்பானைக் கண்ணாடிப் புட்டியில் வரவழைத்து, புது மூட்டைச் செடியை உருவி, கண்ணாடியைத் தவிர எதுவும் படாமல் இலையை மறுபடி காய்ச்சினாள். எண்ணெய் வரவில்லை. வந்தது பழுப்பு நிறத் துவர்ப்பு மட்டும். தேயிலையில் இருப்பதன் தூரத்து உறவு. கிருமியைக் கொஞ்சம் தாமதப்படுத்தியது, அவ்வளவுதான்.

“தெருவுல நானே போய்ச் சொல்லிட்டு வரேன் அத்தை.”

“நீ எதுக்கு? தம்பட்டம் அடிச்சது என் வாய். அதுவே போய் மாத்திச் சொல்லட்டும்.” பிறகு, கொஞ்சம் தணிந்து, “இனிமே நான் அந்த இலையைப் போடலாமா, கூடாதா?”

“ஆறாத புண்ணுல வேணாம். டாக்டர் குடுத்த மருந்து மட்டும் போடுங்க.”

“சரி, ஆனா நாளைக்கு உங்க மேடம் முன்னால போய் நிக்கும்போது தலையைக் குனிஞ்சிக்காதே. களவா பண்ணினே?”

மேடத்தின் மேசையில் மருத்துவமனைக்கு அனுப்பும் பெட்டி திறந்திருந்தது. உள்ளே பஞ்சில் ஒரு குப்பிக்கு மட்டும் குழி. பக்கத்தில் தன் அறிக்கையை வைத்து, அதன்மேல் இரண்டு குப்பிகளை வைத்தாள் சல்லடை.

“எதுக்கும்மா ரெண்டு?”

“ஒண்ணு இலை போட்டு எடுத்தது. ஒண்ணு இலை போடாம எடுத்தது.”

மேடம் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இதுல எது எது?”

“அடியில எழுதியிருக்கேன். எழுதலைன்னா எனக்கே தெரியாது மேடம்.”

மேடம் மெல்ல உட்கார்ந்து அறிக்கையைப் படித்தார். ஓரிடத்தில் திரும்பப் போய் மறுபடி படித்தார்.

“ஆஸ்பத்திரில காத்துட்டு இருக்காங்களே. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“இதையே சொல்லுங்க. அவங்க லேப்லயும் யாராவது இந்த மாதிரிக் குழாய்ல இறைச்சிட்டு இருப்பாங்க.”

மேடம் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு கட்டைவிரலால் பஞ்சில் இன்னொரு குழி அழுத்திவிட்டுக் கையை நீட்டினார். இலை போட்ட குப்பியை முதலில் எடுத்துக் கொடுத்தாள் சல்லடை. அடுத்து, இலை போடாததை.