பட்டனின் முகம்

அந்தத் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் "மீசையம்மா வீடு எது?" என்று கேளுங்கள், வாசல் வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். சொந்தப் பெயரைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். பூனையை வரைந்தால் மீசையைக் கடைசியில்தான் வரைவாள் அவள். ஒரு முடிக்கு ஒரு மூச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையை இழுக்கும் நேரத்தில் அழைப்பு மணி அடித்தாலும் கதவு திறக்காது. அப்படி வந்த பெயர்தான் அது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், மழமழவென்று சவரம் செய்த முகத்தைத் தடவிக்கொண்டு, "எங்க வீட்ல மீசை அவளுக்கு மட்டும்தான்" என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரம் ஒரு மேசையில் நீர்வண்ணம், எதிர்ச்சுவரோரம் இன்னொரு மேசையில் எண்ணெய் வண்ணம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று உலகமே சொல்லும். இங்கே இரண்டும் ஒரே அறையில் தனித்தனி மேசை போட்டுக் குடித்தனம் நடத்தின. எதற்கு எது என்று முடிவு செய்வது அவள்தான். வெள்ளைப் பூனைக்கும் முயலுக்கும் நீர்வண்ணம். காகிதத்தின் வெள்ளையையே ரோமமாக விட்டுவிடலாம். கறுப்பு நாய்க்கு எண்ணெய். கறுப்பு என்று ஒரு நிறமே கிடையாது, நீலமும் காப்பிக்கொட்டை நிறமும் சேர்ந்து செய்கிற வேலை அது என்பது அவள் கட்சி. அவள் பெட்டியில் கறுப்பு டியூப் இருந்ததே இல்லை.

ஒரு வக்கீல் தன் பூனையைக் கொஞ்சம் ஒல்லியாக வரைந்து தரச் சொன்னார். மெலிந்த பூனை வேண்டுமானால் சோற்றைக் குறைக்க வேண்டியதுதானே, அதற்கு என்னிடம் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டாள். வக்கீலுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் குண்டுப் பூனையின் படத்தை வாங்கிக்கொண்டுதான் போனார், அடுத்த வருடம் நாயைக் கூட்டிக்கொண்டும் வந்தார். அதுவரை அவள் வரைந்த படம் எதுவும் திரும்பி வந்ததில்லை. அதை அவளே சொல்லிக்கொள்வாள், கூச்சமே இல்லாமல்.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிரோடு இருக்கும் பிராணி என்றால் நேரில் பார்க்காமல் தூரிகையைத் தொடமாட்டாள். இறந்துபோனது என்றால் அந்த வீட்டுக்குப் போய், அது படுத்துக்கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து, எந்தச் சத்தத்துக்குத் திரும்பும், யாரைக் கண்டால் முறைக்கும் என்று வீட்டாரைப் பேசவைத்துக் கேட்டுவிட்டுத்தான் வருவாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அவளுக்குச் சறுக்கியது அந்தக் கட்டுப்பாட்டை மீறிய ஒரே ஒரு தடவைதான்.

ஒரு மகன் வந்தான். நல்ல பையன், முப்பத்தைந்து வயது இருக்கும். அவன் அம்மா தையல்காரி. தனியாக இருக்கிறாள், துணைக்கு இருந்த நாய் போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டன் என்று அதற்குப் பெயர். அம்மாவுக்குத் தெரியாமல் படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதனால் வீட்டுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள் என்றான். பட்டன் போட்டோவுக்கு நிற்கிற ஜாதி இல்லையாம். தெளிவாக இருந்தது ஒரே ஒரு படம்தான். அம்மாவின் தையல் மிஷினுக்கு முன்னால் அவனும் அம்மாவும் நாயுமாக அவன் எடுத்த செல்ஃபி. நாயின் நெற்றியில் வெள்ளைக் கோடு ஒன்று இறங்கி, ஒரு கண் பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. தலையைச் சற்றே சாய்த்துப் பார்த்தது. அந்தப் பார்வையில் மீசையம்மா விழுந்துவிட்டாள். போட்டோ இவ்வளவு தெளிவாக இருக்கும்போது வீடு எதற்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

எண்ணெயில்தான் வரைந்தாள். முடிந்ததும் எப்போதும் செய்கிற சோதனையையும் செய்தாள். படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்ப்பது. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல், கண்ணாடியில் இடம் வலமாக மாறும்போது பளிச்சென்று தெரிந்துவிடும். இதில் ஒரு கோணலும் இல்லை. மகன் வந்து பார்த்து அப்படியே உருகிப்போனான்.

பத்து நாள் கழித்து அதே மகன் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தான். அம்மா பார்த்துவிட்டு இது பட்டன் இல்லை என்கிறாள். என்ன தப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தைத்த சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டமாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறாள். போட்டோவையும் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால், போட்டோவும் சரியில்லை என்கிறாள்.

மீசையம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போட்டோவில் இருப்பதில் ஒரு முடி பிசகியிருந்தால் காட்டச் சொல்லுங்கள் என்றாள். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்க மேல தப்பு இல்லக்கா. அம்மாவுக்குத்தான் ஞாபகம் போகுது. அன்னைக்கு அடுப்ப அணைக்க மறந்துட்டாங்க. இப்ப பெத்த புள்ள மாதிரி வளர்த்த நாயோட மூஞ்சியே மறந்துபோச்சு. இனிமே தனியா விட்டுவைக்க முடியாது."

தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடப் போகிறானாம். தையல் மிஷினை விற்க ஆளும் பார்த்தாகிவிட்டது. அம்மாவும் சரி என்றுவிட்டாளாம். நாயின் முகமே மறந்துபோனவள் துணியை எப்படி நம்பி வெட்டுவது என்று அவளே கேட்டாளாம்.

படத்தை வைத்துவிட்டு அவன் போன பிறகு மீசையம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் படம் சரி என்றால் அந்த அம்மாவின் புத்தி தவறு. அந்த அம்மாவின் புத்தி சரி என்றால் படம் தவறு. இரண்டில் ஒன்று. தன் படத்தைச் சாட்சி வைத்து ஒரு பெண்பிள்ளையின் மிஷினைப் பிடுங்குகிறார்கள் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அதைவிட, தன் படத்தில் தவறு இருக்கும் என்பதையும் தாங்க முடியவில்லை. கணவர் தட்டைக் கழுவிக்கொண்டே, லிஃப்ட் நிற்கவேண்டிய மாடியில் நிற்கவில்லை என்று புகார் வந்தால் நான் ஆபீசில் உட்கார்ந்து வாதம் பண்ணுவதில்லை, போய் ஏறிப் பார்ப்பேன் என்றார். அவர் எப்போதாவதுதான் உருப்படியாகப் பேசுவார், அன்றைக்குப் பேசினார்.

மறுநாள் காலை மகனிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, படத்தைத் துணியில் சுற்றி எடுத்து, போட்டோவைப் போட்ட தோள்பையோடு தையல்கார அம்மாவின் வீட்டுக்குப் போனாள். ஒரே பெரிய அறை. சுவரோரமாக மிஷின், மேலே நூல்கண்டுகள், கதவோரத்தில் துணி விரித்த கூடை. கேட்காமலே தெரிந்தது, அது பட்டனின் இடம். மீசையம்மா நேராகப் போய்க் கூடைக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். அந்த அம்மாவும் மெல்ல எதிரே உட்கார்ந்தாள்.

"நீ வரைஞ்சதக் குறை சொல்லலம்மா. ரோமத்தத் தொட்டா கையில ஒட்டும் போல இருக்கு. ஆனா அவன் இப்படிப் பாக்க மாட்டான். இது அவனுக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி இருக்கு. என் பையன் சொல்றதுதான் சரியோ என்னவோ. வயசாச்சுல்ல."

மீசையம்மா படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்தாள். ஏதாவது ஒரு கோணல் கண்ணில் படாதா என்று, வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டு, இடது கையால் தோள்பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். இடது கைதான் அவளுக்கு எல்லாம். என்ன செய்கிறாள் என்று பார்க்க அந்த அம்மாவும் எழுந்துவந்து தோளோடு தோளாக நின்று கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பட்டா" என்றாள்.

கூப்பிட்ட குரல்தான் அது. கூடையில் படுத்திருப்பவனைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரல்.

மீசையம்மா கண்ணாடியை இறக்கவில்லை. கண்ணாடியில் வெள்ளைக் கோடு மறுபக்கக் கண்ணை நோக்கி இறங்கியது, தலை மறுபக்கம் சாய்ந்திருந்தது. ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செல்ஃபி. போனைத் தன் பக்கம் திருப்பி எடுத்தால் திரையில் தெரிவது கண்ணாடி பிம்பம். சில போன்கள் அதை இடம் வலம் மாறியபடியே பதிந்துவைக்கும். அவள் வாரக்கணக்கில் உட்கார்ந்து ஒரு முடி பிசகாமல் வரைந்தது பட்டனின் பிம்பத்தை. உண்மையான பட்டன் அன்றைக்கே அவள் பட்டறையில் இதே கண்ணாடிக்குள் வந்து அவளைப் பார்த்திருக்கிறான். அவனைத் தெரியாதவள், கோணல் இல்லை என்று சொல்லிக் கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டாள். இந்த வீட்டுக்கு முதலிலேயே ஒரு நடை வந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அந்த நினைப்பு அவளைச் சுட்டது.

அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மா போட்டோவைக் கேட்டு வாங்கினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாயைப் பார்க்காமல் பின்னால் இருந்த மிஷினைப் பார்த்தாள்.

"சக்கரம் இடப்பக்கம் இருக்கு பாரு. என் மிஷினுக்கு வலப்பக்கம். எந்த மிஷினுக்கும் வலப்பக்கம்தான். நான் நாயவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

பிறகு போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நாய்க்காக அழுகிறாள் என்று மீசையம்மா நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மா நிமிர்ந்தாள்.

"அப்ப நான் மறக்கல."

"நீங்க மறக்கலம்மா. தப்பு என்னுது. நான் வந்து பாத்துட்டு வரைஞ்சிருக்கணும்."

அதைச் சொல்ல அவளுக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை. அவளுக்கே அது ஆச்சரியம். அங்கேயே உட்கார்ந்து மகனுக்குப் போன் போட்டாள். சக்கரம் எந்தப் பக்கம் என்று போட்டோவை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். அவன் பார்த்துவிட்டு, இடப்பக்கம் என்றான். அப்புறம் அவன், அடுப்பை மறந்தது நிஜம்தானே அக்கா என்றான். நானும் போன வாரம் மறந்தேன், என் தூரிகையைப் பிடுங்க யாரும் வரவில்லை என்றாள் இவள். யோசிக்கிறேன் என்றான். மிஷினை வாங்க இருந்தவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

புதிய படம் வரைந்து காய ஒன்றரை மாதம் ஆயிற்று. இந்தத் தடவை மீசையம்மா வாரத்துக்கு இரண்டு நாள் அந்த வீட்டுக்குப் போனாள், கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டன் கத்தரிக்கோல் சத்தத்துக்குத் தூங்குவான், சீப்பை எடுக்கிற சத்தத்துக்கு எழுந்து ஓடுவான் என்றெல்லாம் தெரிந்துகொண்டாள். அதுவரைக்கும் பழைய படத்தை அந்த அம்மா விடவில்லை. உடுப்பைப் போட்டுப் பார்க்கிறவர்களுக்காக வைத்திருந்த ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே மாட்டிக்கொண்டாள். பட்டனைப் பார்க்க வேண்டும் என்றால் கண்ணாடியைப் பார்ப்பாள்.

புதுப்படம் போய்ச் சேர்ந்த மறுவாரம், மகன் ஒரு துணிப்பையோடு மீசையம்மா வீட்டுக்கு வந்தான். அம்மா கொடுத்துவிட்டாள் என்றான். பிரித்துப் பார்த்தால் வேலைக்கோட்டு. சாயம் பட்டால் தெரியாத அழுத்தமான சாம்பல் நிறம், முழுக்கை. மீசையம்மா அங்கேயே மாட்டிப் பார்த்தாள். தோள் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டோடு நின்றது. தூரிகையை உயரத் தூக்கினால் அக்குளில் இழுக்கவில்லை. இடுப்புக்குச் சற்று மேலே ஆழமாக ஒரு பை. கைக்கண்ணாடி அதற்குள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டது. அவள் எடுக்கும் இடது கைக்கு ஏற்ற பக்கமாகத்தான் அந்த அம்மா அதைத் தைத்திருந்தாள்.

"அளவு எப்பக்கா குடுத்தீங்க?" என்றான் மகன்.

"நான் எங்க தம்பி குடுத்தேன். நாடாவ எடுத்து அளக்கவே இல்லையே உங்கம்மா. பாத்ததோட சரி."

அவன் அவளைச் சுற்றி வந்து முதுகுத் தையலைப் பார்த்தான். பையின் ஓரத்தை விரலால் தடவினான். ஜன்னல் பக்கம் போய் நின்று, போனை எடுத்து யாரையோ கூப்பிட்டு, மிஷின் விற்பதற்கு இல்லை என்றான். அப்புறம் இன்னொரு நம்பரைப் போட்டான்.

"அம்மா, எனக்கு ஒரு சட்டை தைச்சுத் தர்றியா? அளவெல்லாம் உனக்குத்தான் தெரியுமே."

அந்தப் பக்கத்துப் பதில் மீசையம்மா நின்ற இடத்துக்கே கேட்டது.

"போன வருஷத்துக்கு இப்ப உனக்குத் தொப்பை போட்டிருக்குடா. வந்து அளவு குடுத்துட்டுப் போ."