தங்கையின் நாற்பது விநாடி

சின்னசேலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒலிச் சமிக்ஞைப் பாடம் நடத்துகிறேன். என் தங்கையைக் கல்வராயன் மலையில் கட்டிக்கொடுத்திருந்தோம். போன ஆவணியில் காய்ச்சல் மூளைக்கு ஏறி மூன்றே நாளில் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுவாரம் மாப்பிள்ளை கள்ளக்குறிச்சியில் என் வீட்டுக்கு வந்தார். அவர் போனில் தங்கையின் குரல் ஒரே ஓர் அழைப்பில் பதிவாகியிருந்தது. நாற்பது விநாடி. சங்கராபுரம் சந்தைக்குப் போயிருந்தவரிடம் சீயக்காயும் சோப்பும் வாங்கிவரச் சொல்கிறாள், அவ்வளவுதான்.

"கெணத்துக்குள்ள இருந்து பேசற மாரி இருக்குதுங்க மச்சான். எதிர்ல நின்னு பேசற மாரி பண்ண முடியுமா?"

முடியும் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல வரவில்லை.

கணினி குரலைப் புள்ளி புள்ளியாகத்தான் வைத்திருக்கும். போன் பதிந்தது விநாடிக்கு எட்டாயிரம் புள்ளி. அதை நாற்பத்தெட்டாயிரம் ஆக்கினேன். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஐந்து பூஜ்யங்களைச் செருகி வடிகட்டியில் விட்டால், அக்கம்பக்கத்தைப் பார்த்து அந்த இடங்கள் நிரம்பிக்கொள்ளும். கோடு வழவழப்பாகும், இல்லாதது எதுவும் வந்துவிடாது. ஆண்டுதோறும் வகுப்பில் நானே சொல்வதுதான். போட்டுக் கேட்டால் கிணற்றுக்குரல் அப்படியேதான் இருந்தது.

தங்கைக்கு முன்பல்லில் சந்து. 'ச' வரும்போதெல்லாம் மெல்லிய விசில் ஒன்று சேர்ந்து வரும். சின்ன வயதில் அதைச் சொல்லிக்காட்டி அவளை அழவைத்திருக்கிறேன். அவ்வளவு மேல்ஸ்தாயியைப் போன் பதியவே இல்லை. யாரோ ஒரு பெண்ணின் பதிவிலிருந்து அதே மாதிரி விசிலை வெட்டி, தங்கையின் சோப்பிலும் சீயக்காயிலும் ஒட்டினேன்.

மாப்பிள்ளை ஹெட்போனில் கேட்டார். கண் கலங்கிச் சிரித்தார். இன்னொரு தரம் போடச் சொன்னார். அப்புறம், போனில் இல்லாத விசில் இதில் எப்படி வந்தது என்று கேட்டார். வேறொருத்தியுடையது என்றேன்.

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப அது வேணாங்க மச்சான். அழிச்சிடுங்க. கம்மியா கேட்டாலும் அவளோடதே இருக்கட்டும்."

அவர் கண்ணெதிரிலேயே அழித்தேன். விசில் ஒட்டாத பிரதியையும் போட்டுக் காட்டினேன். பழசுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார். சரிதான். சாயங்கால பஸ்ஸில் அவரை வெள்ளிமலைக்கு ஏற்றிவிட்டேன்.

இந்தப் பருவத்தில் பூஜ்யம் செருகும் அந்தப் பாடம் வந்தபோது, பக்கத்து அறை ஆசிரியரை எடுக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன்.