ரூட்டுக்கும் திறக்காத கோப்பு

தெசான்காவுக்கு அடி என்றால் குலை நடுங்கும். அவள் அப்பன் வளர்த்த லட்சணம் அது. அடிக்கிற புருஷன்களிடமிருந்து தப்பி வரும் பெண்களுக்காக நீஷ் நகரில் நாங்கள் நடத்திய அலுவலகத்தில், கணினிகள் அவள் பொறுப்பு. சமையலும் வாய்ச்சண்டையும் என் பொறுப்பு.

பெண்கள் ஒளிந்திருக்கும் வீடுகளின் முகவரிகள் சர்வரில் இருந்தன. போன வசந்தத்தில் தெசான்கா அதன் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, புதிதாகக் கட்டினாள். ரூட் என்கிற தலைமைக் கணக்கையே கட்டிப்போடும் காவலை அதில் சேர்த்தாள். விதியில் இல்லாததை எவனும் தொட முடியாது. மற்றவர்கள் இந்தக் காவலைப் போட்டாலும், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தளர்த்தும் வசதியையும் விட்டுவைப்பார்கள். தளர்த்திவிட்டால் மீறலைக் குறித்துக்கொள்ளும், தடுக்காது. நாய்க்குச் சங்கிலி போட்டு முளையில் கட்டாத கதைதான். இவள் அந்த வசதியையே சேர்க்கவில்லை. மறைவிட வீட்டிலிருந்து கேட்டால் மட்டுமே முகவரிகள் வரும்.

"உனக்கே திறக்காத பூட்டு எதுக்குடி, கூறு கெட்டவளே?" என்றேன்.

"எனக்குந்தான்க்கா திறக்கக் கூடாது," என்றாள்.

ஒரு மதியம் ராதிவொயே வந்தான். எங்கள் வீடொன்றில் ஒளிந்திருந்த மிலுங்காவின் தாடையை உடைத்த புருஷன். கையில் சிக்கினால் கொல்லுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். பாழாய்ப்போனவனுக்குக் கணினி வேலையும் தெரியும். கதவைப் பூட்டிவிட்டு, குறுக்கே வந்த என் முழங்காலில் சுத்தியலால் அடித்தான். விழுந்த இடத்தைவிட்டு என்னால் எழ முடியவில்லை.

"ரூட் பாஸ்வேர்டு சொல்லு. மிலுங்கா எங்க?"

கன்னத்தில் ஒரே ஓர் அறை விட்டான். தெசான்கா சொல்லிவிட்டாள். அவன் தட்டிப் பார்த்தான். அனுமதி இல்லை என்று திரை சொன்னது.

"ரூட்டுக்கே இல்லையா? யாருக்குக் காது குத்துற?"

அவளுடைய இடக்கைச் சுண்டுவிரலை மேசையில் வைத்து நொறுக்கினான்.

"காவல எடுடி."

"எடுக்க வழியே இல்லைங்க, சத்தியமா."

மூக்கு ரத்தம் விசைப்பலகையில் ஒழுக, வலக்கையால் தனக்குத் தெரிந்த கட்டளைகளையெல்லாம் அடித்தாள். திரை மறுக்க மறுக்க, அவன் அடுத்த விரலுக்குப் போனான். நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர்கள் கதவை உடைத்து வந்து அவனை மிதித்துத் துவைத்தார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது.

மிலுங்கா மருத்துவமனைக்கு வந்து கட்டுப்போட்ட கையைத் தொட்டு அழுதாள். "இவ்வளவு அடியிலயும் என்னைக் காட்டிக் குடுக்கலையே நீ."

தெசான்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கடைசி விரல் வரைக்கும் திறக்கத்தான் பாத்தேன், மிலுங்கா."