கயிற்றுக்கு அடியில் இருந்த கறுப்பு

1964 ஜூனில், பள்ளிக்கூடம் திறந்த வாரம், அப்பா என்னைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தன் அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார். வீராணம் ஏரிப் பக்கம், காட்டுமன்னார்கோயில் அரிசி ஆலையில் அவருக்கு வேலை. எனக்குப் பதினோரு வயது. குண்டுப்பெண். கழுத்தின் பின்புறம் பட்டையாக ஒரு கறுப்பு இருந்தது.

அத்தைக்கு அது அழுக்கு. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய் வைத்து, கிணற்றடியில் என்னைக் குனியவைத்து, செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்ப்பாள்.

"எத்தினி தேய்ச்சாலும் போவமாட்டேங்குது. இவ அம்மா இவளைக் குளிப்பாட்டினாளா, இல்ல ஏரியில முக்கி எடுத்தாளா?"

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே அவள் மகன் பதில் சொல்வான். "வீராணத்து எருமைம்மா. அது அப்பிடித்தான் இருக்கும்."

என்னைவிட இரண்டு வயது பெரியவன், கனமும் ஜாஸ்தி. ஆனால் என் உடம்புக்குப் பெயர் குண்டு, அவன் உடம்புக்குப் பெயர் புஷ்டி. ஊர்க்கண் பட்டுவிடும் என்று அவன் கழுத்தில் மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றைத் தடிமனாகக் கட்டியிருந்தாள். கயிற்றைச் சுற்றி அவன் கழுத்தும் கறுத்துத்தான் இருந்தது. வேர்வையில் சாயம் இறங்கியிருக்கிறது என்பாள். எனக்குக் கயிறு இல்லை, ஆகவே அழுக்கு.

ஐப்பசியில் தோல் கிழிந்து புண்ணானது. கார்த்திகை முடிந்தும் ஆறவில்லை. நாற்றம் என்று பள்ளியில் என்னைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். அத்தையைப் பழிவாங்க வேண்டும் என்று அந்த பெஞ்சில்தான் முடிவுசெய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரத்தில் மாமாவின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். மறுநாள் காலை என் ரவிக்கையில் சீழ் படிந்திருப்பதைப் பார்த்த மாமா, எங்கள் எல்லோரையும் பக்கத்துத் தெரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் புண்ணைத் துடைத்தார். கறுப்பை விரலால் தடவினார். "யார் இப்படித் தேய்ச்சது?"

அத்தை கூரையைப் பார்த்தாள். "அழுக்கு டாக்டர். வளர்ற பொண்ணு, சுத்தமா இருக்க வேணாமா?"

"இது அழுக்கு இல்லம்மா. குண்டா இருக்கிற பிள்ளைங்க சிலதுக்கு இப்படிக் கழுத்து கறுக்கும். நான் பார்த்தவரைக்கும், அதுல பல பேருக்குப் பின்னாடி சக்கரை வந்திருக்கு. தேய்ச்சாப் போகாது. உடம்பு எளைச்சாத்தான் கொறையும்."

எனக்கு வழி கிடைத்துவிட்டது. "டாக்டர், மச்சான் கயிறைத் தூக்கிப் பாருங்க," என்றேன்.

"அது சாயம்டி," என்றாள் அத்தை.

டாக்டர் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அவன் கழுத்தை அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. "தம்பி, தாகம் ஜாஸ்தி எடுக்குதா? ராத்திரி எழுந்து போறியா?"

அவன் அம்மாவைப் பார்த்தான். "போவான்," என்றேன் நான். "போன எடத்துல எறும்பு மொய்க்கும். நான்தான் தண்ணி ஊத்துவேன்."

சக்கரை இருந்தால் நிறம் மாறும் என்று சொல்லி, இருவரின் சிறுநீரையும் நீலத் திரவத்தில் சொட்டுவிட்டுச் சூடுகாட்டினார். என்னுடையது லேசாகப் பச்சையானது. அவனுடையது பச்சை, மஞ்சள் எல்லாம் தாண்டி, அத்தை என் கழுத்தில் தேய்த்த செங்கல் பொடியின் நிறத்தில் வந்து நின்றது. அத்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அன்று மனம் நிறைந்திருந்தது.

"இந்தப் பொண்ணு சொல்லாம இருந்தா, இவனை மயக்கத்துலதான் தூக்கிட்டு வந்திருப்பீங்க," என்றார் டாக்டர்.

கடலூர் திரும்பியதும் அந்த வீட்டில் முறுக்கும் நெய்யும் நின்றன. எனக்கும் அதே பத்தியம்தான். ஆனாலும் அவன் எதிரில் உட்கார்ந்து என் வெள்ளரிக்காயை முறுக்கு மாதிரிச் சத்தம் வரக் கடித்தேன். என் புண் தை மாதத்தில் ஆறியது. அவன் இளைத்தான், பிழைத்தான். இன்று பேரன் எடுத்துவிட்டான். பார்க்கும்போதெல்லாம் நான்தான் தன் உயிரைக் காப்பாற்றினேன் என்கிறான். காப்பாற்றுவது என் நோக்கமாக இருக்கவில்லை.

சிதம்பரத்திலிருந்து வந்த வாரமே, பொடிக்காக அத்தை இடித்துக்கொண்டிருந்த செங்கல்லின் மிச்சத்தை எடுத்துக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். தண்ணீர் சேந்தும்போதெல்லாம் அது அவள் கண்ணில் படும். அவள் அதை எடுத்து எறியவும் இல்லை, என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்து நான் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை, மழையில் சரிந்து விழுந்தபோதெல்லாம் அதைத் திரும்ப எடுத்து அங்கேயே வைத்தேன்.