பயிரிடுபவர் பெயர்

டிவியில் ஜெனிவாவில் உலக வர்த்தகப் பேச்சுவார்த்தை என்று செய்தி ஆரம்பித்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். மானியம், ஏழை விவசாயி, நம் நாட்டின் நிலைப்பாடு என்று செய்தி வாசிப்பவர் அடுக்கிக்கொண்டே போவார். நான் கழுவின டம்ளரையே இன்னொரு தடவை கழுவிக்கொண்டு நிற்பேன். "ஜெனிவாவோட உனக்கு அப்படி என்னடி சண்டை?" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் கேலி செய்தார். இப்போது அவரே சேனலை மாற்றிவிடுகிறார். ஜெனிவாவோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அந்தச் செய்தியில் வருகிற ஏழை விவசாயிகளில் ஒருத்தரை எனக்குத் தெரியும். அந்தக் கணக்கில் அவரைச் சேர்த்தவள் நான். சேர்த்ததாலேயே அவர் விவசாயியாக இல்லாமல் போனார்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். வேலூரில் பொருளாதாரம் எம்.ஏ. முடித்துவிட்டு ஆரணியில் வீட்டோடு இருந்தேன். அப்பா பட்டு வியாபாரி. முள்ளிப்பட்டு ஊரில் வீடு வீடாகப் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக் கடைகளுக்கு அனுப்புவார். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அமைகிற வரைக்கும் பொண்ணு சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் அந்தக் கணக்கெடுப்பு வேலைக்கு அனுப்பினார்கள். சென்னையில் இருந்த ஒரு ஆய்வு நிறுவனத்துக்கு ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் ஃபாரம் நிரப்பித் தர வேண்டும்.

எங்களுக்கு மேலே இருந்த சார் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். பணக்கார நாடுகள் தங்கள் விவசாயிகளுக்குக் கொட்டிக் கொடுக்கின்றன. அதில் பெரும்பங்கை 'பச்சைப் பெட்டி' என்று ஒன்றில் போட்டுக்கொண்டு, இது வியாபாரத்தைக் கெடுக்காது என்கின்றன. நாம் யூரியா விலையைக் குறைத்துக் கொடுத்தாலோ, மோட்டாருக்குக் கரண்டை இலவசமாகக் கொடுத்தாலோ, அது கெடுக்கிற வகை, வரம்புக்குள் வை என்கிறார்கள். நமக்கு இருப்பது ஒரே ஒரு சந்து. வசதியும் வருமானமும் குறைந்த விவசாயிக்குக் கொடுப்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இப்போது விதிகளைத் திருத்தி எழுதும்போது அந்த ஒரு வழியையும் அடைத்துவிடப் பார்க்கிறார்கள். "நம்ம ஆளு ஏழைன்னு நாம வாயால சொன்னா பத்தாதும்மா, காட்டணும்" என்றார் சார்.

எனக்கு உடம்பெல்லாம் சூடேறிவிட்டது. எங்கேயோ ஒரு நீள மேஜையில், கோட்டு போட்டவர்கள் நடுவில், என் கையால் எழுதின ஃபாரம் சாட்சி சொல்லப் போகிறது என்று நினைத்தேன். அந்த வயசுக்கு அது பெரிய போதை. நான் சொல்கிற நியாயத்தை வீட்டில் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லாதவளுக்கு இன்னும் பெரிய போதை.

சேவூர் தாண்டி ஒரு கிராமம் எனக்கு ஒதுக்கப்பட்டது. பெயர் வேண்டாம். டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, வரப்பு வரப்பாக நடந்து கேட்பேன். அங்கே பென்சிலில்தான் எழுத வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கூட்டல் கழித்தல் எல்லாம் சரிபார்த்து, பேனாவால் அதன்மேல் எழுத வேண்டும். பிறகு கடைசிப் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஃபாரத்தின் முதல் வரியே 'பயிரிடுபவர் பெயர்'. பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்க்காதே, யார் பயிர் வைக்கிறார்களோ அவர் பெயரைப் போடு என்பது சாரின் கட்டளை.

பட்டியலில் எங்கள் நிலமும் இருந்தது. பட்டு நன்றாக ஓடின காலத்தில் அப்பா வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கர். அதை ஒரு அம்மாள் வாய்வார்த்தைக் குத்தகையில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். நான் அவரை அக்கா என்பேன். எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நாற்பது வயசு இருக்கும். கட்டட வேலைக்கு பெங்களூர் போன புருஷன் திரும்பி வரவில்லை. அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஊரார் நிலத்தில் கூலிக்கு இறங்கினவர்கள்தான். 'எங்க கயினி' என்று ஒரு கழனியைக் காட்டிச் சொன்ன முதல் ஆள் அந்த வம்சத்தில் இவர்தான். வார்த்தைக்கு வார்த்தை சொல்வார். நான் அதைக் கேட்டு மனசுக்குள் சிரித்திருக்கிறேன்.

நான் போனபோது களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் வந்து உட்கார்ந்து கேட்டதற்கெல்லாம் பிசிறில்லாமல் பதில் சொன்னார். யூரியா? பட்டா இருந்தால்தான் சொசைட்டியில் கொடுப்பார்கள், அதனால் தனியார் கடையில், அவன் சொன்ன விலைக்கு. கடன்? அதே கதை. கரண்டு? மோட்டார் இணைப்பு அப்பா பேரில். அரசாங்கம் விவசாயிக்குக் கொடுப்பதாக உலகத்துக்கே சண்டை போட்டுச் சொல்கிற எதுவும் நேராக இவர் கைக்கு வரவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. முதல் வரியில் அவர் பெயரைப் பென்சிலால் எழுதினேன். அவருக்குப் படிப்பு இல்லை. ஆனால் தன் பெயரின் எழுத்து தெரியும்.

"எம் பேரா எழுதுற? அத்த எதுக்கு பாப்பா? மொதலாளி பேர எழுது."

"பயிர் பண்றது நீங்கதானே அக்கா?"

"பண்றது நான்தான். அத்த யாரு இல்லன்னது? பேப்பர்ல எம் பேரு ஏறிச்சுன்னா உங்கப்பாவுக்குப் பயம் வந்துடும். பயம் வந்துச்சுன்னா கயினிய வாங்கிக்குவாரு. எனக்கு இத்த உட்டா இன்னா கீது? அழிச்சிடு பாப்பா."

எனக்கு யாரும் இதைவிடத் தெளிவாக எதையும் விளக்கியதில்லை. ரப்பரை எடுத்து அழித்தேன். காகிதத்தில் கிடந்த ரப்பர் தூளை அவரே குனிந்து வாயால் ஊதிவிட்டார். அப்பா பெயரை எழுதிக் காட்டினேன். மேட்டுப் பக்கம் போட்டிருந்த மல்லாட்டைக் கடலையைச் செடியோடு இரண்டு பிடி பிடுங்கி என் பையில் திணித்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் ஃபாரங்களைப் பரப்பிக்கொண்டு பேனாவால் எழுத உட்கார்ந்தேன். அப்பா பெயர் இருந்த ஃபாரம் வந்தது. தொழில் என்ற இடத்தில் பட்டு வியாபாரம் என்று போட வேண்டும். போட்டால் அந்த ஃபாரமே செல்லாது. சின்ன விவசாயிகள் இத்தனை பேர் வேண்டும் என்று எனக்குக் கொடுத்திருந்த எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிடும். மறுநாள் சார் வருகிறார். நான் அப்பா பெயரை அழித்துவிட்டு அக்கா பெயரைப் பேனாவால் எழுதினேன்.

உண்மையை எழுதினேன், உழைக்கிறவர் பெயர் ஒரு காகிதத்திலாவது இருக்கட்டும் என்று எழுதினேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய்யில்லை. ஆனால் என் கையைப் பிடித்து எழுத வைத்தது எண்ணிக்கைதான். ஜெனிவா எங்கே இருக்கிறது, அங்கே போகிற காகிதத்தை ஆரணியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கடைசிப் பக்கத்துக் கையெழுத்தை மறந்துபோனேன்.

கிராம அலுவலர் கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போடும்போது புரட்டிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு கல்யாணப் பந்தியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தபோது நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லியிருக்கிறார், "உங்க பொண்ணே எழுதிக் குடுத்துருக்குதுங்க, பயிர் பண்றது அந்தம்மான்னு. நாளைக்கு ஒரு கேஸுன்னா அவங்களுக்கு அது போதும்" என்று. சேத்துப்பட்டுப் பக்கம் அப்பாவோடு வியாபாரம் செய்கிற ஒருத்தர், குத்தகைக்காரரிடமிருந்து நிலத்தைத் திரும்ப வாங்க முடியாமல் வருடக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். அப்பாவுக்கு அதுதான் கண் முன்னால் வந்திருக்கும்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சட்டம் பேசியிருப்பேன். "நீ தெரியாம எழுதிட்ட, விடு" என்றார். தெரிந்துதான் எழுதினேன் என்று நான் சொல்லவில்லை. அந்த மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அறுப்பு முடிந்து, குத்தகை நெல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு அக்கா வந்தார். எப்போதும்போலப் பின்வாசலோடு நின்றார். அப்பா மூட்டைகளை இறக்க வைத்துவிட்டு, "ஏம்மா, அடுத்த பட்டத்துக்கு நானே பாத்துக்கறேன். நீ வேற எடம் பாத்துக்கோ" என்றார். பேப்பர் விஷயம் ஊரில் காதில் விழுந்தது, அது தன் வேலை இல்லை என்றார் அக்கா. அப்பா மூட்டைகளை எண்ணத் தொடங்கினார். உடனே அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ சொல்லு. எம் பேர ரப்பர் போட்டு நீ அழிச்சத நான் பாத்துகினு இருந்தேனே. நீ அழிச்சிட்ட. அப்புறம் எவனோ எழுதிட்டான். மொதலாளிகிட்ட சொல்லு பாப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். எவன் எழுதினான் என்று அவருக்குத் தெரியும். "யாரோ எழுதிட்டாங்க. இப்ப அது எதுக்கு? விடும்மா" என்று அக்காவிடம் சொல்லி என்னைக் காப்பாற்றினார். நான் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தாலும் நிலம் அவருக்கு மிஞ்சியிருக்காது என்று எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தக் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் ஒரு நாள்கூட எனக்கு அது ஆறுதலாக இருந்ததில்லை. வண்டிக்காரனோடு அவர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்தேன். ஒரு தடவை திரும்பி, எனக்குத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அப்பா அந்த நிலத்தில் பயிர் வைக்கவில்லை. அவருக்கு எங்கே தெரியும்? பார்த்தீனியச் செடி மண்டிக் கிடந்தது. சேவூர் பக்கம் பஸ்ஸில் போனால் அந்த நிலம் தெரிகிற ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்காருவேன். அப்படியும் சில சமயம் வரப்பில் யாராவது குனிந்து நின்றால் அவர்தான் என்று பட்டுவிடும். எங்கள் அறிக்கை அச்சாகி வந்தது. வழவழ காகிதம். வசதியும் வருமானமும் குறைந்தவர்கள் என்று ஒரு அட்டவணை. நான் கொண்டு வந்த எண்ணிக்கை முழுசாக இருந்தது. டெல்லிக்குப் போய்விட்டது, அங்கிருந்து பேச்சுவார்த்தைக்கும் போகும் என்று சொல்லி சார் மைசூர்பாகு கொடுத்தார். அந்த அட்டவணையில் இருந்த எண்ணில் ஒன்று அக்கா. உலகத்தின் முன்னால் அவர் விவசாயியாக உட்கார்ந்திருந்தபோது, இங்கே அவருக்கு ஒரு பிடி மண் இல்லை.

அடுத்த வருடம் அதே வீடுகளுக்கு மறுபடியும் போகச் சொன்னார்கள். வேறு ஊர் கேட்டேன், சார் கொடுக்கவில்லை. மற்ற வீடுகளையெல்லாம் முடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு வேறொருவர் கழனியில் கூலிக்கு நடவு நட்டுவிட்டு வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை. பாயை உதறிப் போட்டு, கடையிலிருந்து எனக்குக் கலர் சோடா வாங்கிவரப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

பயிரிடும் நிலம் எவ்வளவு என்று நான் கேட்டாக வேண்டும், கேட்டேன். இல்லை என்றார். நிலம் இல்லை என்றால் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு வேறொரு ஏழை விவசாயி வீட்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அப்போதுதான் எண்ணிக்கை குறையாது. ஜெனிவாவில் யாருக்கும் ஒருத்தர் போனது தெரியப் போவதில்லை. அடிப்பதற்குக் காரணம் குறிக்க மூன்று கட்டங்கள் இருந்தன: இறந்துவிட்டார், ஊரை விட்டுப் போய்விட்டார், விவசாயத்தை விட்டுவிட்டார். மூன்றாவதில் டிக் போட்டேன்.

"இன்னா போட்ட பாப்பா?"

"விவசாயத்த விட்டுட்டீங்கன்னு."

"நானாவா உட்டேன்?"

"அதுல வேற கட்டம் இல்லக்கா."

காகிதத்தின் மடங்கிய ஓரத்தை அவரே விரலால் நீவிவிட்டார்.

"சரி, இருக்கட்டும். என்னால உன் வேலைக்குப் பேஜாராயிடக் கூடாது. நீ ஒருத்திதான் அன்னிக்கு நான் சொன்னதக் கேட்ட."

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வரப்போவதில்லை என்று அங்கேயே தெரிந்தது. நான் பேனாவை மூடி, "வரேன்க்கா" என்று எழுந்துவிட்டேன்.