ஹீட்ஸுக்கும் பைனலுக்கும் நடுவில்

எனக்குப் பதற்றமே வராது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பின்னாளில் விளையாட்டு விடுதியிலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, "இந்த அக்கா மாதிரி மன உறுதி வேணும்" என்பார்கள். நான் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. தேடி வந்த நல்ல பெயரை யார் திருப்பி அனுப்புவார்கள்? ஆனால் அது எனக்குச் சேர வேண்டிய பெயர் அல்ல என்பதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

உண்மையில் நான் சரியான தொடைநடுங்கி. ஆறாம் வகுப்பில் படிக்கும்போது, பயிற்சியில் என்னை முந்த ஆளில்லை. போட்டி என்று வந்துவிட்டால் விடிந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார மாட்டேன். கோட்டில் போய் நிற்பதற்குள் நாலைந்து தடவை ஒன்றுக்குப் போய் வந்துவிடுவேன். அப்புறம் எங்கே ஓடுவது? எப்போதும் நாலாவது இடம்தான். "மனசைத் திடமா வச்சுக்கோ" என்று பி.டி. டீச்சர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். எப்படி வைத்துக்கொள்வது என்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் மாவட்டப் போட்டி திருத்தங்கலில் நடந்தது. நூறு மீட்டரில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்புவார்கள். விடுதியில் இடம் கிடைத்தால் சோறு, துணி, படிப்பு எல்லாம் பன்னிரண்டாவது வரைக்கும் அங்கேயே. ஆனைக்குட்டத்தை ஒட்டிய எங்கள் ஊரில், எட்டாவது முடித்த பெண்பிள்ளைகளுக்காகப் பட்டாசுக் கம்பெனி வேன் காலையில் தெருமுனைக்கே வந்து நிற்கும். அம்மாவும் அத்தையும் அந்த வேனில்தான் போனார்கள். என்னை அதில் ஏற்றக் கூடாது என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். வேறு எதிலும் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்போது இருபத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை. ஓர் அறைக்கு நாலு பேர். அம்மாவுக்கு அதே கம்பெனியில், தள்ளியிருந்த பேக்கிங் ஷெட்டில். அப்பா லாரியோடு வடக்கே போயிருந்தார். தீபாவளி சீசன் என்பதால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்காது. அத்தை போர்மேனிடம் சண்டை போட்டு ஒருநாள் லீவு வாங்கி, காலை பஸ்ஸில் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் கிளம்பும்போது அம்மா அடுப்படியில் இருந்தாள்.

பஸ்ஸில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அத்தை கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"ஏத்தா, நாங்க அந்த ரூமுக்குள்ள உக்காந்து என்னத்த நெனப்போம்னு நெனக்கே? ஒண்ணையும் நெனக்க மாட்டோம். கையப் பாப்போம், அம்புட்டுத்தான். நீ பேசாம காலப் பாத்து ஓடு."

எரிச்சலில் சொன்னதுதான். எனக்கு அது டீச்சர் சொன்னதைவிடப் புரிகிற மாதிரி இருந்தது.

பதினோரு மணி வாக்கில் ஹீட்ஸ், அதாவது தகுதிச் சுற்று. எங்கள் வரிசையில் ஆறு பேர். மூன்று பேர் ராஜபாளையம், அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். மற்ற மூன்று பேர் நானும், சிவகாசியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த இரண்டு பெண்களும். துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்திருந்த சார் "செட்" என்றார். இடுப்பை உயர்த்தினோம். அப்போது அந்தச் சத்தம் வந்தது. காதில் விழுந்ததைவிட, மண்ணில் ஊன்றியிருந்த விரல்களில்தான் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து வெளியூர்ப் பிள்ளைகள் மூன்று பேரும் பாய்ந்து ஓடினார்கள். நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று, ஓட வேண்டிய திசையை விட்டுவிட்டு வானத்தைச் சுற்றிப் பார்த்தோம். பட்டாசைச் சோதனைக்கு வெடிக்கிற சத்தம் எது, கம்பெனியே வெடிக்கிற சத்தம் எது என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சத்தம் கேட்டால் முதலில் புகை எங்கே என்று பார்க்க வேண்டும். துப்பாக்கி வைத்திருந்த சார் வெளியூர்க்காரர். "என்னம்மா, நிக்கச் சொன்னா ஓடுறீங்க, ஓட வேண்டியவங்க நிக்கிறீங்க" என்று சிரித்தார். யாரோ கிழக்கே கையைக் காட்டிய பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

ஆனைக்குட்டம் பக்கம் புகை எழுந்துகொண்டிருந்தது.  அம்மா வேலை பார்க்கும் பக்கம் என்று நான் கயிற்றை நோக்கி ஓடப் பார்த்தேன். அதற்குள் கயிற்றைத் தாண்டிக்கொண்டு அத்தை உள்ளே வந்துவிட்டாள்.

"ஒங்கம்மா இன்னைக்கு வேலைக்குப் போகலைத்தா. ரேசன் கடையில சீமெண்ணெ ஊத்துறாகன்னு நேத்தே லீவு சொல்லிட்டா. இந்நேரம் வரிசையில நின்னு யார்கூடயாவது மல்லுக்கட்டிக்கிட்டு இருப்பா. நீ ஓடு."

சீமெண்ணெய் தீர்ந்துபோனது என்று அம்மா நாலு நாளாகப் புலம்பியது எனக்குத் தெரியும். அதனால் அப்படியே நம்பினேன். அத்தை சொன்னது முழுப் பொய். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைக்காது என்று தெரிந்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. அம்மா அன்றைக்கு வேனில் போயிருந்தாள். புகை எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறது என்பதும் அத்தைக்கு அங்கிருந்தே தெரிந்துவிட்டது.

மறுபடி வரிசையில் நின்றபோது ஐந்து பேர்தான் இருந்தோம். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். இன்னொருத்தி ஓடும்போதே கிழக்கே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வெளியூர்ப் பிள்ளைகள் முன்னமே பாதித் தூரம் ஓடிக் களைத்திருந்தார்கள். நான் காலைப் பார்த்து ஓடினேன். முதலாவதாக வந்தேன். பொய் சொல்ல ஓர் அத்தை அந்த வரிசையில் எனக்கு மட்டும்தான் இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பைனலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வேப்பமரத்தடியில் என்னை உட்கார வைத்துவிட்டு அத்தை வாசலில் இருந்த பெட்டிக்கடைக்குப் போனாள். அங்கே சிவப்பு நிறத்தில் ஒரு ரூபாய் போன் உண்டு. நம்பரை அழுத்துவதும் காதில் வைத்துக் காத்திருப்பதும் பேசாமல் வைப்பதுமாக மூன்று தடவை செய்தாள். திரும்பி வந்ததும் யாருக்கு என்று கேட்டேன். "ஒங்கப்பனுக்கு. லாரி ஆபீசுல எடுக்க மாட்டேங்காக" என்றாள்.

வாங்கி வந்த ஆரஞ்சுகளை மடியில் போட்டு உரிக்க ஆரம்பித்தாள். வீட்டில் அவள் பழம் உரித்துக் கொடுத்ததே கிடையாது. அன்று ஒவ்வொரு சுளையிலும் ஒட்டியிருந்த நாரைக்கூட ஒன்று விடாமல் எடுத்துவிட்டுத் தந்தாள். ஓடுகிற பிள்ளைக்கு நடக்கும் உபசாரம் என்று நான் ராணி மாதிரி காலை நீட்டிக்கொண்டு தின்றேன். சேமியா ஐஸ் வேண்டும் என்று அடம்கூடப் பிடித்தேன். "ஓடி முடிச்சிட்டுத் தின்னு" என்றாள். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. ரோட்டில் ஆம்புலன்ஸ்கள் போன வண்ணம் இருந்தன. மைதானத்தில் பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. நான் ஜெயிப்பதைப் பார்க்க ஆளில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

பைனலுக்குப் பேர் கூப்பிட்டபோது, அன்றுதான் முதல் தடவையாக, நான் ஒன்றுக்குப் போகாமல் நேரே கோட்டுக்குப் போனேன். முதலிடம். "இத்தனை களேபரத்திலும் அசராம ஓடியிருக்கா பாருங்க" என்று டீச்சர் எல்லாரிடமும் சொன்னார். பதற்றமே வராதவள் என்ற என் பெயர் அங்கே பிறந்ததுதான்.

பல வருடம் கழித்து அத்தையிடம் கேட்டேன், எப்படி உங்களால் அங்கேயே இருக்க முடிந்தது என்று. "அங்கன போயி நான் அணைக்கவா போறேன்? இங்கன ஒரு சோலி இருந்துச்சு, அதப் பாத்தேன்" என்றாள்.  அம்மா பிழைத்துக்கொண்டாள். ஷெட்டின் பின்சுவர் ஏறிக் குதித்ததில் காலை உடைத்துக்கொண்டாள், ஒரு காது கேட்காமல் போயிற்று. அத்தையின் அறையில் இருந்த நாலு பேரில் யாரும் மிஞ்சவில்லை. அத்தைக்குப் பதிலாக அங்கே உட்கார்ந்தவள் எங்கள் அடுத்த தெருக்காரி. நான் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அத்தை லீவு கேட்டாள். 

அன்று எனக்கு இதில் எதுவும் தெரியாது. சர்டிபிகேட் வாங்கும்வரை அத்தை அசையவில்லை. டீச்சர் கொடுத்ததும் அதை அட்டையோடு மஞ்சள் பையில் வைத்து, என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் எல்லாரும் எங்கள் கம்பெனி பெயரைத்தான் சொன்னார்கள். எனக்கு நிம்மதியாகவே இருந்தது. அம்மா சீமெண்ணெய் வரிசையில், அத்தை என் பக்கத்தில், வேறு யார் எங்கள் வீட்டில்? என் சர்டிபிகேட்டை யாரும் கேட்டுப் பார்க்கவில்லையே என்ற குறை மட்டும்தான்.

கம்பெனிக்குப் பிரிகிற ரோட்டில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் இறங்கினோம். அத்தை எங்கள் தெருக்கார அக்கா ஒருத்தியிடம் என் கையைப் பிடித்துக் கொடுத்தாள்.

"இவளக் கொஞ்சம் வீட்ல விட்டுருங்கக்கா" என்றாள்.

சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. என்ன ஓட்டம்! பை இடுப்பில் அடித்து அடித்து ஆடியது. வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் இந்நேரம் ரோட்டில்தான் நிற்பார்கள், ஒரே இடத்தில் அத்தனை பேரிடமும் என் சர்டிபிகேட்டைக் காட்டிவிடலாம் என்று ஓடுகிறாள் என நினைத்தேன். பெருமை தாங்கவில்லை. வாய்க்கு இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கும்படி கத்தினேன்:

"அத்தை, சர்டிபிகேட்டு மடங்காமக் கொண்டு போங்க!"